இருநூறு ஆண்டுக் கசிவு

அந்தத் திருகைத் திருப்பியது நான்தான். அண்ணன் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் "மோட்டார் இறங்கிருச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மோட்டார் தானாக இறங்கவில்லை. வலதுபக்கம் திருப்ப வேண்டிய திருகை நான் இடதுபக்கம் திருப்பினேன். 160 கிலோ இரும்பும் அலுமினியமும் சட்டென்று கீழே வந்தன. நடுவில் அண்ணனின் இடது ஆள்காட்டி விரல் இருந்தது.

ஊர் மில்வாக்கி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். ஏப்ரல் கடைசி. ஏரிகளில் பனி விட்டிருந்தது. அண்ணன் என்று சொல்வது கூடப் பிறந்தவரை இல்லை. தூத்துக்குடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேலைக்காக அந்த ஊருக்குப் போன முதல் குளிர்காலத்தில் எனக்குக் கோட்டு வாங்கக் கூட்டிக்கொண்டு போனவர். அவருடைய அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். மகன் கடலே இல்லாத ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்து, அந்தப் பணத்தில் பதினேழு அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழசாக வாங்கி, வீட்டு வாசலில் ட்ரெய்லர் மேல் நிறுத்தியிருந்தார். பின்பலகையில் 90களில் செய்த 115 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார்.

அந்த மோட்டாருக்கு ஒரு வியாதி. பொத்தானை அழுத்தினால் ஒழுங்காக மேலே ஏறும். அங்கே நிற்காது. ராத்திரி முழுசாகத் தூக்கி வைத்துவிட்டுப் போனால், காலையில் தலை கவிழ்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

படகு ஓட்டாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அவுட்போர்டு மோட்டார் படகின் பின்பக்கம் தொங்கும் ஒரு முழு இன்ஜின். அதை ஒரு அச்சில் முன்னும் பின்னும் சாய்க்கலாம். ஓடும்போது சில டிகிரி மட்டும் சாய்ப்பது ட்ரிம். உள்ளே சாய்த்தால் படகின் மூக்கு இறங்கும், வெளியே சாய்த்தால் மூக்கு தூக்கும், ரொம்ப வெளியே சாய்த்தால் படகு தவளை மாதிரி துள்ளும். கரைக்கு வரும்போதோ ட்ரெய்லரில் ஏற்றும்போதோ மோட்டாரை மொத்தமாகத் தண்ணீரிலிருந்து தூக்குவது டில்ட். சின்ன மோட்டாரென்றால் கையால் தூக்கலாம். நம்மூர்க் கரைகளில் ஃபைபர் படகு அலையைத் தாண்டிக் கரையேறும்போது பின்னால் நிற்பவர் ஒரே இழுப்பில் மோட்டாரைத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். 160 கிலோவை அப்படி இழுக்க முடியாது. அதற்காகப் பின்பலகைப் பிடிமானத்துக்கு நடுவில் ஒரு சின்ன மின்மோட்டார், ஒரு எண்ணெய் பம்ப், ஒரு சிலிண்டர், சில வால்வுகள். கைப்பிடியில் உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும்.

பேட்டரி செத்துப்போனால் என்ன செய்வது? அதற்கென்று பிடிமானத்தின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு திருகு. அதைத் திறந்தால் எண்ணெய் சிலிண்டரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாராளமாக ஓடும், கையாலேயே ஏற்றி இறக்கலாம். மோட்டார் தானாக இறங்குகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் திருகு இறுக்கமாக மூடியிருக்கிறதா என்பதைத்தான். நான் அதைத்தான் பார்த்தேன். சரியான இடம், தப்பான திசை. படகுக்கு அடியில் கழுத்தை ஒடித்துக்கொண்டு படுத்திருந்ததில் இடம் வலம் குழம்பிவிட்டது. கடிகாரச் சுற்று எந்தப் பக்கம் படுத்தாலும் கடிகாரச் சுற்றுதான் என்பது இன்ஜினியரிங் படித்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே நேரம் அண்ணன், வெளியே எங்காவது எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கப் பிடிமானத்துக்குள் கைவிட்டுத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மோட்டாரைத் தூக்கி வைத்தபின் முட்டுக் கொடுக்க ஒரு லீவர் உண்டு. அதை நாங்கள் போடவில்லை. மோட்டார்தான் மேலே நிற்கிறதே என்று இருந்துவிட்டோம்.

நகம் போனது. விரல் எலும்பில் மெல்லிய விரிசல். மூன்று வாரம் கட்டு. "விடுடே, விரல் இருக்குல்ல" என்றார் அண்ணன். அந்த மூன்று வாரமும் நான் படகைத் தொடவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் படிக்க ஆரம்பித்தேன். ஒரு எண்ணெய்ச் சிலிண்டர் ஏன் தான் தூக்கியதைப் பிடித்து வைத்திருக்க மாட்டேன் என்கிறது? அந்தக் கேள்வி என்னை 1650கள் வரை இழுத்துக்கொண்டு போனது.

*

முதலில் பக்கத்துத் தெருவிலிருந்தே தொடங்கலாம். அவுட்போர்டு மோட்டாரின் வரலாறு மில்வாக்கியின் வரலாறும்கூட. ஓலே எவின்ரூட் 1877-ல் நார்வேயில் பிறந்தவர். ஐந்து வயதில் குடும்பத்தோடு விஸ்கான்சின் வந்து, பிறகு மில்வாக்கியில் மர அச்சுகள் செய்யும் பட்டறை வைத்தார். 1906 வாக்கில் ஒரு கோடை நாள், ஊருக்கு மேற்கே ஒகாச்சி ஏரிக்கு நண்பர்களோடு போனபோது அவருடைய காதலி பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாராம். இவர் துடுப்புப் போட்டு ஏரியைக் கடந்து வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அது உருகிவிட்டது. மோட்டார் பிறந்த கதை என்று ஊரில் இதைத்தான் சொல்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அவர் செய்த முதல் மோட்டாரைப் பார்த்து, காபிக்கொட்டை அரைக்கும் மிஷின் மாதிரி இருக்கிறது என்று பெஸ் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

அவர் முதல் ஆள் இல்லை. கேமரன் வாட்டர்மேன் என்பவர் 1905-லேயே ஒன்று செய்துவிட்டார். ஆனால் 1909-ல் வியாபாரத்துக்கு வந்த எவின்ரூட் மோட்டார்தான் பரவியது. அதற்கு பெஸ் பெரிய காரணம். கணக்கு, கடிதம், விளம்பர வாசகம் எல்லாம் அவர் கையில்தான் இருந்தன. அந்த மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, விலை 62 டாலர். 62 பவுண்டு என்றால் 28 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையைவிடக் குறைவு. யாரும் தூக்கலாம், கையால் சாய்க்கலாம், எந்தக் கோணத்தில் நிற்க வேண்டுமோ அந்த ஓட்டையில் ஒரு ஊசியைச் செருகி நிறுத்தலாம். இரும்பு ஊசிக்குக் கசியத் தெரியாது.

எடை கூடியதுதான் பிரச்சினை. 1939-ல் கார்ல் கீக்ஹேஃபர் மில்வாக்கிக்குப் பக்கத்தில் சீடர்பர்க் என்ற ஊரில் ஒரு நொடித்த தொழிற்சாலையை வாங்கினார். உள்ளே வாடிக்கையாளர் ஏற்க மறுத்த மோட்டார்கள் சில நூறு கிடந்தன. அவற்றைச் சரிசெய்து விற்றதிலிருந்து மெர்க்குரி கம்பெனி வளர்ந்தது. (அந்தத் தொழிற்சாலையை வாங்கியதற்கு அவர் மனதில் இருந்த காரணம் வேறு என்கிறார்கள். பழுதான சரக்கு சிலரை அப்படித் திசை மாற்றிவிடும்.) 1957-ல் மெர்க்குரி 60 குதிரைத்திறன் மோட்டார் கொண்டுவந்தது, 1962-ல் 100. விஸ்கான்சினின் இரண்டு கம்பெனிகளும் போட்டி போட்டு மோட்டாரைக் கொழுக்க வைத்தன. ஒரு கட்டத்தில் மனிதன் தூக்கும் எல்லையை அது தாண்டிவிட்டது. ஊசி போய், ஹைட்ராலிக் வந்தது.

*

ஹைட்ராலிக்கின் அடிப்படையை நாம் எல்லாரும் பத்தாம் வகுப்புக்குள் படித்துவிடுகிறோம். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். பாஸ்கல் விதி, இரண்டு மதிப்பெண். பிளேஸ் பாஸ்கல் இதை எழுதியது 1650களில். புத்தகமாக வந்தது 1663-ல், அவர் இறந்த மறுவருடம். அதில் அவர் ஒரு பாத்திரத்தைக் கற்பனை செய்கிறார். தண்ணீர் நிரம்பிய பாத்திரம், அதற்கு இரண்டு வாய். ஒன்று இன்னொன்றைவிட நூறு மடங்கு பெரியது. இரண்டு வாயிலும் இறுக்கமாகப் பொருந்தும் பிஸ்டன்கள். சின்னதை ஒருவன் தள்ளினால், பெரியதைத் தள்ளும் நூறு பேரை அவன் சமாளிப்பான்.

இவ்வளவு தெளிவாக எழுதியாகிவிட்டது. அப்படியானால் 1660களிலேயே ஐரோப்பாவில் ஹைட்ராலிக் கருவிகள் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. சுமார் 140 வருடம் ஒன்றும் நடக்கவில்லை. காரணத்தை 1666-லேயே ராபர்ட் பாயில் தொட்டுவிட்டார். பாஸ்கலின் நீர்ச் சோதனைகளைப் பற்றிப் பேசும்போது அவர் கொஞ்சம் நக்கலாகவே சொல்கிறார்: இதற்கெல்லாம் தேவைப்படும் அளவுக்குத் துல்லியமான பித்தளை உருளைகளையும் அடைப்பான்களையும் ஒரு கணித அறிஞர் சுலபமாக மனதில் நினைத்துக்கொள்ளலாம், பட்டறைக்காரரிடம் செய்து வாங்குவதுதான் கஷ்டம். முழுப் பிரச்சினையும் "இறுக்கமாகப் பொருந்தும்" என்ற இரண்டு சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. டிசைன் டாக்குமெண்டில் ஒரு பெட்டியும் ஒரு அம்புக்குறியும் போட்டுவிட்டு எழுந்துபோகிற ஆட்களை எனக்குத் தெரியும். நானும் போயிருக்கிறேன்.

1795-ல் லண்டனில் ஜோசப் பிரமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். யார்க்‌ஷயரின் விவசாயி மகன். சிறுவயதில் கால் அடிபட்டு வயல் வேலைக்கு ஆகாமல் போனதால் தச்சு படிக்க அனுப்பப்பட்டவர். 1778-ல் மேம்படுத்திய கழிப்பறைக்கு ஒரு காப்புரிமை, 1784-ல் திறக்க முடியாத பூட்டுக்கு இன்னொன்று. அந்தப் பூட்டைக் கடை ஜன்னலில் தொங்கவிட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பலகை வைத்தார். 1851 வரை யாரும் திறக்கவில்லை. கழிப்பறை, பூட்டு, பிரஸ் என்று வரிசையாகப் பார்த்தால், மனுஷர் வாழ்நாள் முழுக்க ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்: போகக் கூடாததைப் போகவிடாமல் அடைப்பது.

ஆனால் பிரஸ் அவரையே திணறடித்தது. பெரிய பிஸ்டனைச் சுற்றி அடைப்பை இறுக்கினால் தண்ணீர் நின்றது, பிஸ்டனும் நின்றது. அழுத்தத்தை எடுத்த பிறகும் அது கீழே இறங்க மறுத்தது. தளர்த்தினால் பிஸ்டன் ஓடியது, தண்ணீரும் ஓடியது.

தீர்வு அவர் பட்டறையிலிருந்தே வந்தது. ஹென்றி மாட்ஸ்லே 18 வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். பிரமாவின் பூட்டுகளைச் செய்யும் கருவிகளையே உருவாக்கிக் கொடுத்தவர். பிற்காலத்தில் மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்த ஜேம்ஸ் நாஸ்மித், இந்தத் தோல் வளையத்தின் யோசனை மாட்ஸ்லேயுடையது என்று எழுதியிருக்கிறார். வளையத்தின் வெட்டுமுகம் கவிழ்த்த ப-வைப் போல இருக்கும். அதன் குழிந்த பக்கத்தைத் தண்ணீர் இருக்கும் திசையில் வைத்தார்கள். தண்ணீர் குழிக்குள் புகுந்து இரண்டு உதடுகளையும் விரிக்கும். ஒரு உதடு பிஸ்டனில் ஒட்டும், இன்னொன்று சுவரில் ஒட்டும். அழுத்தம் கூடினால் இறுக்கம் கூடும். அழுத்தம் போனால் உதடு தளரும், பிஸ்டன் சுகமாக இறங்கும். கசிய நினைக்கும் தண்ணீரையே காவலுக்கு வைத்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் தெரு அடிபம்பு. வெயில்காலத்தில் வெறுமனே அடித்தால் காற்றுதான் வரும். ஒரு செம்பு தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு அடித்தால் தண்ணீர் ஏறும். உள்ளே காய்ந்து சுருங்கிக் கிடக்கும் தோல் வாசர் நனைந்து, விரிந்து, குழாயில் ஒட்டுவதற்காகத்தான் அந்தச் செம்பு. சைக்கிள் பம்பில் காற்று ஏறாவிட்டால் கடைக்காரர் தண்டை உருவி, தோல் வாசரில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, விரலால் ஓரத்தை விரித்துவிடுவார். எல்லாம் அதே கிண்ணம், அதே உதடு.

மாட்ஸ்லேக்கு வாரச் சம்பளம் 30 ஷில்லிங். குடும்பம் பெருகியது. கூட்டிக் கேட்டார். பிரமா மறுத்தார். 1797-ல் மாட்ஸ்லே வெளியேறித் தனிப்பட்டறை வைத்தார். அடுத்த தலைமுறை இங்கிலாந்தின் பெரிய இயந்திரச் சிற்பிகளில் பாதிப்பேர் அந்தப் பட்டறையில் வேலை கற்றவர்கள். அப்ரைசல் மாதத்தில் நான் இந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன்.

*

ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன். 1849, வேல்ஸ், மெனாய் நீரிணை. ராபர்ட் ஸ்டீபன்சன் பிரிட்டானியா ரயில் பாலத்தைக் கட்டுகிறார். ரயில் உள்ளே ஓடக்கூடிய, ஒவ்வொன்றும் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரும்புக் குழாய்கள். அவற்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து, கோபுரங்களின் உச்சியில் வைத்த ஹைட்ராலிக் பிரஸ்களால் உயரத் தூக்க வேண்டும். பிரமாவின் பிரஸ்தான், பிரம்மாண்டமான அளவில். கட்டுமானத்தில் இருந்தவர்களுக்கு அவசரம். முதலில் மொத்த உயரத்துக்கும் தூக்கிவிட்டு, அப்புறம் அடியில் கட்டுமானத்தை எழுப்பலாம். ஸ்டீபன்சன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு அங்குலம் ஏறும்போதும் அடியில் முட்டு வைத்துக்கொண்டே வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 17 அன்று குழாயைத் தூக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பிரஸ்ஸின் சிலிண்டர் அடிப்பாகம் வெடித்துப் பிய்ந்தது. குழாய் விழுந்தது, ஓர் அடிக்கும் குறைவாக. அடியில் முட்டு இருந்தது. அந்தச் சின்ன வீழ்ச்சியிலேயே இரும்பு நெளிந்து, பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. முட்டு இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் குழாய் நீரிணையின் அடியில் கிடந்திருக்கும். மறுவருடம் பாலத்தில் ரயில் ஓடியது.

எங்கள் மோட்டாரில் அந்த முட்டுக்குப் பெயர் டில்ட் லாக். கட்டைவிரல் தடிமனில் ஒரு லீவர். போட அரை நொடி ஆகும்.

*

தோலுக்கும் ஒரு எல்லை இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் தண்ணீரின் இடத்துக்கு எண்ணெய் வந்தது. அழுத்தம் ஏறியது, வேகம் ஏறியது, காரும் விமானமும் வந்தன. இங்கே கதை மறுபடி மில்வாக்கிக்கே திரும்பியபோது எனக்கு ஆச்சரியம்தான்.

நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1865-ல் டென்மார்க்கில் பிறந்தவர். 1891-ல் அமெரிக்கா வந்தார். ட்ராம் வண்டிகளுக்குக் காற்று பிரேக் கண்டுபிடித்து, மில்வாக்கியில் கம்பெனி நடத்தினார். நார்வேக்கார எவின்ரூட் மர அச்சு செதுக்கிக்கொண்டிருந்த அதே வருடங்களில், அதே ஊரில், டென்மார்க்கார கிறிஸ்டென்சன் பிரேக் செய்துகொண்டிருந்தார். ஒருவர் மோட்டாரைப் படகில் மாட்டினார். அந்த மோட்டாரைப் பல பத்தாண்டுகள் கழித்து மேலே பிடித்து வைக்கப்போகிற சமாச்சாரத்தை மற்றவர் கண்டுபிடித்தார், அதுவும் கிழவரான பிறகு.

1930களில் கிளீவ்லாந்து நகரில் பிரேக் வேலையில் இருந்தபோது, பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுரப் பள்ளம் வெட்டி, அதில் சாதாரண வட்ட ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். ரகசியம் வளையத்தில் இல்லை, பள்ளத்தின் அளவில் இருந்தது. பள்ளம் வளையத்தைவிடக் கொஞ்சம் அகலம், ஆனால் ஆழம் குறைவு. அதனால் வளையம் எப்போதும் சற்று நசுங்கியே இருக்கும். எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து தள்ளும்போது அது மறுபக்கச் சுவரில் போய் ஒண்டி, இடுக்கை அடைத்துக்கொள்ளும். மாட்ஸ்லே காலத்துத் தோல் உதட்டின் அதே தந்திரம்: எவ்வளவு தள்ளுகிறாயோ அவ்வளவு அடைப்பேன். ஆனால் இதைச் செய்யப் பட்டறை மேதை யாரும் வேண்டாம். ரப்பரை அச்சில் ஊற்றி லட்சக்கணக்கில் எடுக்கலாம். 1937-ல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது வயது 72. 1939-ல் கிடைத்தது.

போர் வந்தது. ராணுவ விமானங்களின் ஹைட்ராலிக் அமைப்புகளில் சோதித்துப் பார்த்தார்கள், வேலை செய்தது. அமெரிக்க அரசு அவர் உரிமையை 75,000 டாலருக்கு வாங்கி, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று திறந்துவிட்டது. நம் பாஷையில் சொன்னால் ஓபன் சோர்ஸ், ஆசிரியரிடம் பெரிதாகக் கேட்காமல். வழக்கு நடந்தது. அவர் 1952-ல் இறந்தார். 1971-ல் குடும்பத்துக்கு 100,000 டாலர் கிடைத்தது. எவின்ரூட் என்ற பெயர் 2020 வரை மோட்டார்களின் மேல் பெரிய எழுத்தில் இருந்தது. கிறிஸ்டென்சனின் வளையம் உலகத்தின் கிட்டத்தட்ட எல்லா இயந்திரத்துக்குள்ளும் இருக்கிறது, அதில் பெயர் எழுத இடம் கிடையாது.

ஓ-ரிங் என்றதும் உங்களில் பலருக்கு சேலஞ்சர் ஞாபகம் வந்திருக்கும். ஜனவரி 28, 1986. குளிரில் விறைத்த ரப்பர் வளையம், 73 நொடி, ஏழு உயிர். இயற்பியலாளர் ஃபைன்மன் விசாரணையில் ஒரு ரப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீரில் அமுக்கிக் காட்டிய காட்சியை யூட்யூபில் எல்லாரும் பார்த்தாயிற்று. அதனால் இங்கே நீட்டவில்லை. எனக்குத் தேவைப்பட்டது அதில் ஒரு விஷயம் மட்டும். வளையம் உடைய வேண்டியதில்லை. நசுக்கியதும் மறுபடி எழும் குணத்தை அது இழந்தாலே போதும். விஸ்கான்சின் குளிர்காலத்தில் மைனஸ் 20 சாதாரணம். அண்ணனின் மோட்டார் அப்படி இருபத்தைந்து குளிர்காலம் பார்த்திருந்தது.

*

விரல் கட்டைப் பிரித்த மறுநாள் அண்ணன் ஒரு கடையில் விசாரித்தார். ட்ரிம் யூனிட்டையே மொத்தமாக மாற்ற வேண்டும், 1,500 டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கழற்றிப் பார்க்கும் கூலி புது யூனிட் விலையைத் தொட்டுவிடும் நாட்டில் அது நியாயமான பதில்தான். நாங்களும் ஆபீசில் அதைத்தான் செய்கிறோம். சர்வர் மெமரி கசிகிறதா, தினம் ராத்திரி ரீஸ்டார்ட் பண்ணு.

"நாமளே பாப்போமாண்ணே?" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாக்கலாம். திருப்புளி என் கையில."

இந்தத் தடவை முதலில் லீவரைப் போட்டோம். அதன் மேல் நம்பிக்கை வைக்காமல் மோட்டாரின் காலுக்கடியில் மரக்கட்டை அடுக்கினோம். மேலே கராஜ் உத்தரத்திலிருந்து ஒரு பட்டை. ஸ்டீபன்சன் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

பிறகு யோசித்தோம். மின்சாரப் பக்கம் பழுதில்லை. அதைப் போன வருடமே பார்த்தாயிற்று. அப்போது மோட்டார் இறங்கும், ஏறாது. பொத்தானை அழுத்தினால் ஏறும் ரிலேயில் க்ளிக் சத்தமே இல்லை. ஏறுவதற்கு ஒரு ரிலே, இறங்குவதற்கு ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி. இரண்டையும் இடம் மாற்றி மாட்டியதும் மோட்டார் ஏறியது, இறங்கவில்லை. கோளாறு ரிலேயோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி ரிலேதான். ஒயர்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி உண்டு: நீலம் ஏற, பச்சை இறங்க. வானமும் புல்லும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஏறுகிறது, இறங்குகிறது, பம்ப் சத்தம் சீராக இருக்கிறது. ஆகவே பம்பும் நலம், எண்ணெயும் போதுமானது. மோட்டாரை முழுசாகத் தூக்கி வைத்துத்தான் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். பார்த்தோம். மூடியின் விளிம்பு வரை இருந்தது. பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம், அதுவும் இல்லை. வெளியே ஒரு சொட்டுக் கறையும் கிடையாது. அதாவது கசிவு உள்ளேயே நடக்கிறது. எண்ணெய் எங்கும் போகவில்லை, சிலிண்டரின் தாங்கும் பக்கத்திலிருந்து தாங்காத பக்கத்துக்கு நழுவிக்கொண்டிருக்கிறது. வெளிக்கசிவு தரையைக் கறையாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். உள்கசிவுக்குத் தடயம் ஒன்றே ஒன்றுதான், மோட்டார் இறங்குவது.

சந்தேகத்துக்கு மூன்று பேர். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், எண்ணெயைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கும் செக் வால்வு, நான் திருப்பிய அந்தத் திருகு. பிஸ்டனைப் பார்க்க யூனிட்டை இறக்க வேண்டும், வால்வுக்குப் பம்பைப் பிரிக்க வேண்டும். திருகைக் கழற்ற ஐந்து நிமிடம். சுலபமானதிலிருந்து ஆரம்பித்தோம். நான் டார்ச் பிடித்தேன். அண்ணன் ஓட்டையில் இருந்த சின்ன வளையக் கிளிப்பை எடுத்து, திருகை மெதுவாக வெளியே கொண்டுவந்தார்.

திருகின் தண்டில் இரண்டு ஓ-ரிங். மேலே உள்ளது நன்றாக இருந்தது. கீழே உள்ளது வட்டமாக இல்லை. ஒரு பக்கம் தட்டையாகி, ஓரத்தில் பிளேடால் கீறினாற்போல் வெட்டு. நகத்தால் அழுத்தினேன், அமுங்கியது, எழவில்லை.

"இதுக்கா?" என்றார் அண்ணன்.

ஒரு பொட்டலம் 20 டாலருக்கும் குறைவு. புது வளையத்தை ட்ரிம் எண்ணெயில் நனைத்து, திருகின் கூர்மையான மரையில் உரசிக் கிழியாமல் பார்த்து ஏற்றினோம். பழைய வளையம் எப்போதோ ஒருமுறை அப்படி உரசித்தான் வெட்டுப்பட்டிருக்க வேண்டும். எண்ணெயை நிரப்பி, ஐந்தாறு முறை முழுசாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றினோம். பிறகு அண்ணன் மோட்டாரைத் தூக்கி, பளபளக்கும் பிஸ்டன் தண்டில் சிலிண்டர் விளிம்பை ஒட்டி மார்க்கரால் ஒரு கோடு போட்டார். சோதனைக்காக லீவரை எடுத்தோம், கட்டைகளை ஒரு விரல் இடைவெளி விட்டு அப்படியே வைத்தோம்.

காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோடு ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. ராத்திரிக் குளிரில் எண்ணெய் சுருங்கினால் அவ்வளவு இறங்கத்தான் செய்யும். இன்னொரு ராத்திரி பார்த்தோம். அதே இடம்.

அந்தக் கோடையில் ஒகாச்சிக்கு நாலைந்து தடவை போனோம். ஒவ்வொரு முறை ட்ரெய்லரில் ஏற்றியபின்னும் "லீவர்?" என்பார் அண்ணன், நான் "போட்டாச்சு" என்பேன், அவர் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். நகம் முழுசாக வளர அக்டோபர் ஆனது. அதற்குள் படகை மூடி வைக்கும் காலம் வந்துவிட்டது. குளிர்காலத்தில் மோட்டாரைத் தூக்கி வைக்கக் கூடாது. உள்ளே தங்கும் தண்ணீர் உறைந்து உலோகத்தைப் பிளந்துவிடும். நேராக இறக்கி, வடிய விட வேண்டும். அண்ணன் லீவரை எடுத்தார், பச்சைப் பக்கம் பொத்தானை அழுத்தினார். நான் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.